கிடைத்த இடம்

மோதிரத்தில் ஒரு கல்லைப் பதிக்க முடியுமா என்று கேட்கத்தான் ஜெபசிங் அண்ணாச்சியின் நகைக்கடைக்குப் போனேன்.

என் மனைவி சண்முகசுந்தரி பங்குனியில் இறந்தாள். தூக்கத்தில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அன்று காலையில் நான் முதலில் எழுந்தேன். தூங்கட்டும் என்று நானே பால் காய்ச்சி, இரண்டு டம்ளரில் காபி ஊற்றிவிட்டு எழுப்பப் போனேன்.

சாம்பலைப் பாபநாசத்தில் ஆற்றில் கரைத்தோம். நகைகளை அவள் தங்கைக்குக் கொடுத்தேன். சேலைகளை யார் யாரோ எடுத்துப் போனார்கள். நான் எதையும் வேண்டாம் என்று தடுக்கவில்லை. எதையும் வேண்டும் என்று கேட்கவும் இல்லை. பீரோ காலியான பிறகு, மேல் தட்டில் அவளுடைய பழைய கம்மல் டப்பா ஒன்று கிடந்தது. உள்ளே பஞ்சில் ஒரு கல்.

அது அவள் சிறுநீரகத்திலிருந்து எடுத்த கல். கல்யாணமான மறு வருடம் திருநெல்வேலியில் ஆபரேஷன். முதுகில் துளையிட்டு முழுதாக எடுத்துப் பிளாஸ்டிக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். மிளகைவிடப் பெரியது, கொண்டைக்கடலையைவிடச் சிறியது. தேன் கலரில் சொரசொரவென்று இருக்கும். சுந்தரி அதைத் தூக்கிப்போட விடவில்லை.

"எங்க அம்மா போட்ட கம்மல்லகூட இம்புட்டுப் பெரிய கல்லு கெடையாது. இது நானே செஞ்சது. மோதிரத்துல வச்சுப் போட்டுக்கோங்க" என்றாள்.

கேலிக்குத்தான் சொன்னாள். ஆனால் அவள் உடம்பில் இருந்தது என்று உலகத்தில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் வடிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை, டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

ஜெபசிங் அண்ணாச்சிக்கு ஐம்பது வயதிருக்கும். கனத்த உடம்பு. கல்லைச் சிறு இடுக்கியில் எடுத்தார். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மோதிரத்துலயா? இதையா?"

"ஆமா."

"ஒரு இறுக்கு இறுக்குனா பொடிஞ்சிருமே, தம்பி. ஆனா அழகா இருக்கு. எங்கன கெடச்சுது?"

 உண்மையைச் சொன்னால் தட்டில் போட்டுவிட்டுக் கை கழுவ எழுந்துவிடுவார் என்று தோன்றியது. அவர் அதை மரியாதையாகப் பிடித்திருந்தார். அவள் போன பிறகு அவளுடைய எதையும் யாரும் அப்படிப் பிடித்து நான் பார்க்கவில்லை.

"குருவிகுளம் பக்கம்" என்றேன்.

"பக்கம்னா?"

"பழைய கல்குழி ஒண்ணு இருக்கு. அங்க."

"மாடிக்கு வாரும்" என்றார்.

மாடியில் ஒரு நீள மேசை. அதன் மேல் இரண்டு கண்ணால் பார்க்கிற நுண்ணோக்கி. கல்லை அதன் அடியில் வைத்து, விளக்கைச் சாய்த்து, திருகைத் திருகிவிட்டு நகர்ந்துகொண்டார்.

நான் குனிந்து பார்த்தேன்.

சொரசொரப்பு என்று நான் நினைத்திருந்தது முழுக்கப் படிகங்கள். நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றும் இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டிவைத்த மாதிரி. கல்லூரியில் கணிதம் சொல்லித் தருகிறவன் நான். எண்முகியைப் பலகையில் வரைந்திருக்கிறேன். ஒருபோதும் இவ்வளவு நேர்த்தியாக வரைந்ததில்லை. விளிம்புகள் கூர்மையாக இருந்தன. உள்ளே வெளிச்சம் நின்றது. இதைத்தான் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டபடி சுமந்திருந்தாள்.

"என்ன தெரியுது?"

"எண்முகி."

"பேச்சைப் பாரு. நாளைக்கு மத்தியானம் வாரும்வே. உம்மை மாதிரி ஆளு எங்களுக்கு வேணும்."

அப்படித்தான் சேர்ந்தேன். விண்ணப்பம், சந்தா ஒன்றும் கிடையாது. அண்ணாச்சி சர்ச்சுக்குப் போய் வந்து, சாப்பிட்டு முடித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், பூட்டிய கடையின் மாடியில் மூன்று பேர் கூடுவார்கள். நான் நாலாவது ஆள். நுண்கனிம வட்டம் என்று கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கடைக்காக வாங்கிய நுண்ணோக்கியில் அண்ணாச்சி ஒருநாள் செருப்பில் ஒட்டி வந்த மணலை வைத்துப் பார்த்தாராம். அன்று பிடித்தது.

மற்ற இருவரில் ஒருவர் மெஹர்பானு டீச்சர். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல். கைப்பையில் டிபன் டப்பாவோடு ஆசிட் குப்பியும் வைத்திருப்பார். இன்னொருவர் வெங்கடேஷ். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், என் வயதுதான். கண்ணாடியில் எள்ளளவு திருகை மாட்டிப் பழகிய விரல்கள். கடுகளவு கல்லை ஊசிமுனையில் ஒட்டி, விரல்நகம் அளவு டப்பாவுக்குள் நிறுத்துவது அவர் வேலை.

வட்டத்துக்கு இரண்டு வழக்கம் உண்டு. அண்ணாச்சி முதல் நாளே சொன்னார்.

"ஒண்ணு, கெடச்ச எடம் தெரியாத கல்லு நமக்குக் கல்லே இல்ல. எம்புட்டு அழகா இருந்தாலும் சரி, எடம் இல்லேன்னா அந்தா ரோஜாத் தொட்டிக்குத்தான் போகும். எடத்துல பொய் சொன்னவனையும் தொட்டியிலதான் போடணும்."

"அவ்வளவு பெரிய தொட்டி இல்ல, அண்ணாச்சி" என்றார் வெங்கடேஷ்.

"ஒம்மைப் போட இது போதும்வே."

இரண்டாவது வழக்கம் பங்கு. யார் எதைக் கொண்டுவந்தாலும் ஆளுக்கு ஒரு துணுக்கு கொடுக்க வேண்டும். ஒருவருடையது தொலைந்தால் இன்னொருவருடையது இருக்கும்.

"ஒங்க குருவிகுளம் கல்லுல எங்க பங்கு எப்பம், சார்?" என்றார் வெங்கடேஷ்.

"பாப்போம்" என்றேன்.

பல வாரம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். வாசுதேவநல்லூர் ஓடை மணலைச் சலித்துச் செம்மணிகளைப் பொறுக்கக் கற்றுக்கொண்டேன். கண்ணை நுண்ணோக்கியில் வைத்தால் அதற்கப்பால் வீடு இல்லை, கட்டில் இல்லை, அடுப்படி இல்லை. மணல் மட்டும். ஒரு துகளுக்கும் அடுத்த துகளுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருக்கும். யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. அவர்களுக்குத் தெரியாது. மனைவியை இழந்த ஆணிடம் எந்த அடையாளமும் இல்லை. நெற்றி, கை, கழுத்து எல்லாம் முன்பு போலவே இருக்கிறது.

"மணி ஆறாவுது. வீட்ல தேட மாட்டாங்களா, தம்பி?" என்று டீச்சர் ஒருநாள் கேட்டார்.

"மாட்டாங்க" என்றேன்.

"குடுத்து வச்சவரு" என்றார் வெங்கடேஷ். "எனக்கு இந்நேரம் மூணு மிஸ்டு கால் வந்துரும்."

சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன்.

பங்கு நாள் ஐப்பசியில் வந்தது. வெளியே மழை. வேறு வேலை இல்லை. டீச்சர் கல்லின் மேல் ஒரு சொட்டு ஆசிட் விட்டுப் பார்க்க அனுமதி கேட்டார். ஓரத்தில் விட்டார். எல்லோரும் குனிந்தார்கள்.

"பொங்கல. கால்சைட்டுச் சுண்ணாம்பா இருந்தா இந்நேரம் பொங்கியிருக்கும்" என்றார். அவர் குரல் மாறியிருந்தது. "அண்ணாச்சி, இது நம்ம பக்கத்துல நான் பாக்காத கல்லு."

"அப்பம் பங்கு போட்டுருவோம். என்னவே?" என்று அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

அப்போது சொல்லியிருக்கலாம். மூன்று முகங்களும் என்னையே பார்த்தன. சொன்னால் அந்த அறையில் மழை வந்து உட்கார்ந்துவிடும். ஐயோ பாவம் என்பார்கள். எப்படி, எப்போது என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகள் இல்லாமல் போய்விடும்.

"போடுங்க" என்றேன்.

கல் உடைக்கிற கருவி மேசை ஓரத்தில் பொருத்தியிருந்தது. எதிரெதிராக இரண்டு இரும்புப் பற்கள், பின்னால் திருகு. பற்களுக்கு நடுவே கல்லை நிறுத்தி, அண்ணாச்சி மெதுவாகத் திருகினார். பிஸ்கட் ஒடிகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். பாதிக்கு மேல் ஒரே துண்டாக நின்றது. மூன்று துணுக்குகள் வெள்ளைத் துணியில் தெறித்தன.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன். ஆகவில்லை.

"யம்மா, உள்ள பாருங்க" என்றார் டீச்சர்.

உடைந்த முகத்தில் வளையங்கள். நடுவில் கறுப்பு. அதைச் சுற்றிப் பழுப்பு, தேன் கலர், மறுபடி பழுப்பு. மரத்தை அறுத்த மாதிரி.

வெங்கடேஷ் மூன்று துணுக்குகளையும் மூன்று டப்பாக்களில் நிறுத்தினார். அண்ணாச்சி சின்னச் சீட்டுகளில் எழுதினார். பெயர்: தெரியவில்லை. இடம்: குருவிகுளம், கல்குழி. கண்டெடுத்தவர்: முத்துக்கிருஷ்ணன். என் பெயரை அவ்வளவு கவனமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

மிச்சத்தைப் பஞ்சில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். கம்மல் டப்பாவில் வைத்தேன். கல் இப்போது ஆடியது. இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்தேன்.

மழை விட்ட பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, என் பங்கை டெஸ்ட் பண்ணிட்டேன். பத்தல. இன்னும் கொஞ்சம் கெடச்சா இன்னதுன்னு சொல்லிருவேன். அந்தக் குழியைக் காட்டுங்க."

"இப்ப தண்ணி கெடக்கும், டீச்சர்."

"குருவிகுளத்துலயா? அங்கன குடிக்கவே தண்ணி இல்ல" என்றார் அண்ணாச்சி. "கெளம்புவே. கார் நிக்குது."

போனோம். வழி நெடுக அவர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். புதிதாக ஏதாவது கிடைத்தால் அதற்கு யார் பெயர் வைப்பது என்று சண்டை. அண்ணாச்சி ஊர்ப்பெயர் வைக்க வேண்டும் என்றார். வெங்கடேஷ் தன் பெயரை வைத்தால்தான் தன் மாமனார் மதிப்பார் என்றார். நான் முன்சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கல்குழி தேடினேன். குருவிகுளம் தாண்டியதும் சோளக்காட்டு ஓரம் ஒன்று தெரிந்தது. யாரோ எப்போதோ சரளை வெட்டிவிட்டுப் போன பள்ளம்.

"இதான்" என்றேன்.

மழைக்குப் பிறகு அடிக்கிற வெயில் உச்சியைப் பிளந்தது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். டீச்சர் புடவையை இழுத்துச் செருகி, சல்லடையோடு மண்டியிட்டார். வெங்கடேஷ் ஒவ்வொரு சரளையாக எடுத்து, எச்சில் தொட்டுத் துடைத்து, லென்ஸில் பார்த்தார்.

ஆடு மேய்க்கிற ஓர் அம்மா மேட்டில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தத் தொலைச்சீங்க?"

"தொலைக்கல, ஆத்தா. கல்லு தேடுதோம்" என்றார் அண்ணாச்சி.

"கல்லா? இங்கன வேற என்ன கெடக்கு? அள்ளிக்கிட்டுப் போங்க, புண்ணியமாப் போவும்."

"இது பொடிக்கல்லு. தேன் கலர்ல இருக்கும்."

"நகைக்கடைக்காரர் மாதிரி இருக்கீய. நீங்க வெயில்ல மண்டி போட்டுத் தேடுததைப் பாத்தா அதுல என்னமோ இருக்கு" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாவும் குனிந்து கம்பால் சரளையைக் கிளற ஆரம்பித்தார்.

ஒரு ஆடு டீச்சரின் முந்தானையைக் கடித்தது. அவர் அதைத் தள்ளிவிட்டுச் சலித்துக்கொண்டே இருந்தார். அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பள்ளத்தின் அந்தப் பக்கம் ஏறப் போய்ச் சறுக்கினார். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அதைப் பார்க்காமல், கையூன்றிய இடத்தில் கிடந்த ஒரு துண்டை எடுத்து நிமிர்ந்தார்.

"இந்தா! இது மாதிரி இருக்கே! வந்து பாரும்வே!"

முகம் முழுக்கச் சிரிப்பு. நான் போய் வாங்கிப் பார்த்தேன். பீர்பாட்டில் சில்லு. மண்ணில் தேய்ந்து போனது.

"இங்க கெடைக்காது, அண்ணாச்சி" என்றேன்.

"ஏன்வே? வேற குழியா?"

"குழியே இல்ல. அது கிட்னியில இருந்து எடுத்த கல்லு."

வெங்கடேஷ்தான் முதலில் சிரித்தார். "கிட்னிக் கல்லா! அடப்பாவி மனுசா! மூணு மாசமா அதைப் போய்... யாருது, ஒங்களதா?"

"என் வீட்டுக்காரியோடது."

"அவங்களுக்குத் தெரியுமா, சார், அவங்க கல்லை நாம பங்கு போட்டது?"

"அவ இல்ல. பங்குனியில இறந்துட்டா."

 மேட்டில் அந்த அம்மா கிளறுவதை நிறுத்திவிட்டார். டீச்சர் கையிலிருந்த சல்லடையைத் தரையில் வைத்தார். கவிழ்க்காமல், அப்படியே வைத்தார்.

அண்ணாச்சி என்னையே பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியும் விட்டார்.

"எடத்துல பொய் சொல்லலாமாவே? வேற எதுல வேணும்னாலும் சொல்லியிருக்கலாம்லா."  முழங்கையைத் துடைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

 ஊர் எல்லை வந்த பிறகுதான் அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

"மாடிக்குப் போவோம். அவருக்குள்ளதை அவரு கையில குடுத்துருவோம். அந்தப் புள்ளையோடதைப் போயி நாம டப்பாவுல வச்சுக்கிட்டு..."

"ஆமா" என்றார் வெங்கடேஷ்.

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மூன்று பேருடைய டப்பாக்களும் மாடி அலமாரியில்தான் இருந்தன. அண்ணாச்சி தன்னுடையதை எடுத்து என் முன் வைத்தார். வெங்கடேஷும் வைத்தார். நான் கம்மல் டப்பாவைப் பையிலிருந்து எடுத்து அவற்றின் பக்கத்தில் வைத்தேன். எங்கே போனாலும் அதைக் கொண்டுபோவது பழக்கமாகியிருந்தது. இன்னும் ஒன்று வர வேண்டும். வந்தால் முழுசு. ஒட்ட முடியாது, தெரியும். ஆனால் ஒரே பஞ்சில் எல்லாம் இருக்கும். பங்கு போட்ட அன்று வராத ஏதோ ஒன்று இப்போது நெஞ்சில் ஏறிக்கொண்டிருந்தது.

டீச்சர் தன் டப்பாவை எடுத்து வந்தார். மேசையில் வைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"தம்பி, எனக்குள்ளது இல்ல."

"இல்லன்னா?"

"டெஸ்ட் பண்ணிட்டேன்னு சொன்னேன்ல. ஸ்கூல் லேப்ல ஆசிட்ல போட்டேன். முழுசையும். கொஞ்சமாப் போட்டாத் தெரியாதுன்னு..." டப்பாவைத் திறந்து காட்டினார். கறுப்பு அட்டை, அதில் ஊசி, ஊசிமுனையில் துளி பசை. "கரைஞ்சிட்டு."

வேதியியல் டீச்சர் செய்ய வேண்டியதைத்தான் அவர் செய்திருந்தார். பெயர் தெரியாத கல்லுக்குப் பெயர் கண்டுபிடிக்க அதுதான் வழி. என்னவென்று தெரிந்திருந்தால் அவர் தொட்டிருக்க மாட்டார். தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"அந்தத் தண்ணி?" என்று கேட்டேன்.

"கொட்டிட்டேன். லேப் தொட்டியில."

"கொட்டும்போது அதுல ஒண்ணும் இல்லையா? அடியில ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல, தம்பி. தெளிவா இருந்துச்சு. தண்ணி மாதிரி."

"பொங்குச்சா?"

"இல்ல. பொங்கல. சத்தமே இல்ல. பாத்துக்கிட்டே இருக்கேன், சின்னதாயிட்டே போயி..." டப்பாவை மூடினார். "மன்னிச்சிருங்க, தம்பி. அல்லா சத்தியமா எனக்குத் தெரியாது."

சத்தமே இல்லை என்றார் அல்லவா. அதற்குமேல் நான் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. அதாவது நாற்காலியில்தான் இருந்தேன், ஆனால் தலை மேசையில் கிடந்தது. என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நிறுத்த முடியவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது வராதது, ஆற்றில் நின்றபோது வராதது, ஒரு துணுக்குக்காக வந்தது. அவள் என் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். ஒரு முனகலாவது கேட்டிருக்கக்கூடாதா? கல் வலித்தபோது தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியவள். சாகும்போது ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். இந்தத் துணுக்கும் அப்படித்தான் போயிருக்கிறது. இரண்டு தடவையும் நான் பார்க்கவில்லை.

யாரும் என்னைத் தொடவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. யாரோ மின்விசிறியை நிறுத்தினார்கள். டப்பாக்கள் திறந்திருந்தன, காற்றில் பறந்துவிடக்கூடாது என்றுதான்.

நான் நிமிர்ந்தபோது அண்ணாச்சி எதிரே உட்கார்ந்திருந்தார். முழங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது. முன்னால் வெற்றுச் சீட்டுகள், பேனா.

"எடம் தப்பா இருக்கு. அதைச் சரி பண்ணணும்" என்றார்.

"இப்பமா, அண்ணாச்சி?" என்றார் வெங்கடேஷ்.

"பின்ன எப்பம்? பொய் எடத்தோட எத்தனை நாள் அது கெடக்கும்? அந்தப் புள்ளை பேரு தெரியாது, ஊரு தெரியாது, குருவிகுளம்னு எழுதி வச்சிருக்கோம்."

"திருநெல்வேலின்னு போடுங்க. அங்கனதானே ஆபரேஷன் பண்ணுவாங்க."

"எடுத்த இடத்தை ஏன் போடணும்?" என்றார் டீச்சர். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "கடையில வாங்குன கல்லுக்குக் கடை பேரையா எழுதுதோம்? உண்டான இடத்தைத்தான் எழுதணும்."

"உண்டானது இவரு வீட்ல. சங்கரன்கோவில்" என்றார் வெங்கடேஷ்.

"அதெப்படி? உள்ள எத்தனை வளையம் பாத்தீங்கல்லா. வருசக்கணக்கா வளர்ந்திருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடியே நடுக்கறுப்பு உண்டாயிருக்கும்." என் பக்கம் திரும்பினார். "பேரு என்ன, தம்பி?"

"சண்முகசுந்தரி."

"எந்த ஊரு?"

"புளியங்குடி."

"புளியங்குடியா?" அண்ணாச்சி தன்னை மறந்துவிட்டார். "எலுமிச்சங்காய் மார்க்கெட்டையே வச்சுக்கிட்டுக் கல்லு வர விட்டிருக்காளே!" சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

"டாக்டரும் அதைத்தான் கேட்டாரு, அண்ணாச்சி."

"என்ன சொல்லிச்சு அந்தப் புள்ளை?"

"எங்க அப்பா கமிசன் கடையில நாள் பூரா அந்த வாடையிலயே வளர்ந்தவ நான், அதை மனுசன் குடிப்பானான்னு கேட்டா."

வெங்கடேஷ் சிரித்தார். டீச்சரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அவள் சொன்னதை நான் யாரிடமும் திருப்பிச் சொன்னதில்லை.

"தண்ணி குடிப்பாங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"மாட்டா. கல்யாணத்துக்கு முன்னாடி வாசுதேவநல்லூர்ல ஒரு ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை. டெய்லி பஸ். அங்க லேடீஸுக்குப் போறதுக்கு எடம் கெடையாது. காலையில கெளம்புனா சாயங்காலம் வீடு வர்ற வரைக்கும் தண்ணி தொட மாட்டா. பொறவு அதே பழக்கமாயிட்டு."

"நாங்க எல்லாரும் அப்படித்தான்" என்றார் டீச்சர் மெதுவாக. "அப்பம் அங்கனதான், அண்ணாச்சி. அந்தப் பஸ்ஸுலதான் இது உண்டாயிருக்கு. எழுதுங்க."

அண்ணாச்சி எழுதவில்லை. பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"நீரு எழுதும்."

முதல் சீட்டை எடுத்தேன். இடம்: புளியங்குடி – வாசுதேவநல்லூர் சாலை. கண்டெடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட மனம் வரவில்லை. அவள் பெயரை எழுதினேன். இரண்டாவது சீட்டிலும் அப்படியே. இரண்டு டப்பாக்களையும் அண்ணாச்சி ஒரு துணியில் சுற்றி, கம்மல் டப்பாவோடு சேர்த்து என்னிடம் கொடுத்தார்.

"எனக்கும் ஒண்ணு எழுதித் தாங்க, தம்பி" என்றார் டீச்சர்.

"அது காலி டப்பால்லா" என்றார் வெங்கடேஷ்.

"இருக்கட்டும். என்கிட்ட இருந்துட்டுப் போவட்டும்."

அண்ணாச்சி வேண்டாம் என்பார் என்று பார்த்தேன். கல் இல்லாத டப்பாவுக்கு அந்த அலமாரியில் இடம் கிடையாது. அவர் எழுந்து, அலமாரியில் அந்த டப்பா இருந்த இடத்தைத் துணியால் துடைத்தார்.

மூன்றாவது சீட்டை இழுத்தேன். எழுத்து எள்ளளவுதான் இருக்க வேண்டும். பேனா முனை தாளைக் குத்த, சீட்டு நகர்ந்தது. வெங்கடேஷ் எழுந்து வந்து, சீட்டின் இரண்டு ஓரத்தையும் ஆடாமல் பிடித்துக்கொண்டார்.